பேச்சு அறுபடாமல் வைஃபையிலிருந்து டவருக்கு: தோட்டத்து வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்து சாளை ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முன்னால் களம், களத்தைத் தாண்டினால் தறிக்கூடம், பின்னால் மாட்டுக் கட்டுத்தறி. வீடு அப்பாரு காலத்தில் கட்டியது, சுவர் ஒன்றரை அடிக் கல்கட்டு. ஆசாரத்துக்குள், அதாவது வீட்டு ஹாலுக்குள், கால் வைத்தாலே டவர் சிக்னல் ஒற்றைக் கோடாகிவிடும். அதனால் ஃபைபர் இணைப்பு வாங்கி, போனில் வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டோம். வீட்டுக்குள் பேச்சு கணீரென்று கேட்டது. பேசிக்கொண்டே களத்தில் இறங்கினால் மட்டும் அறுந்துவிடும்.

அது ஒரு தொந்தரவாகத்தான் தெரிந்தது, ஆத்தா (எங்கள் பாட்டி) வழுக்கி விழுந்த நாள் வரைக்கும். தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். "டாக்டர் நிக்கறாருங்க, ஆத்தா என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு வெரசாச் சொல்லுங்க" என்றான். மாத்திரை அட்டைகள் களத்துக்கு அந்தப் பக்கம் ஆத்தாவின் அறையில் இருந்தன. போனைக் காதில் வைத்தபடியே ஓடினேன். படியிறங்கியதும் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டு, அட்டையைக் கையில் எடுத்து, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன். மறுபடி அறுந்தது. அன்றைக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடம் எனக்குப் போதும். அப்புறம் ஒரு மாதம் உட்கார்ந்து, நடந்து, அளந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

வைஃபை காலிங் என்பது வாட்ஸ்அப் மாதிரி தனி ஆப் கிடையாது. உங்கள் அதே நம்பர், அதே டயலர், அதே ரீசார்ஜ். போன் உங்கள் வீட்டு இன்டர்நெட் வழியாக சிம் கம்பெனியின் நுழைவாயில் வரைக்கும் ஒரு பூட்டிய குழாய் போட்டுக்கொள்கிறது. பேச்சு அதற்குள் போகிறது. டவர் வழியாக 4ஜியில் பேசும்போது அதற்கு வோல்ட்டி என்று பெயர். இந்த இரண்டு வழியும் கடைசியில் கம்பெனியின் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் நடுப்பேச்சில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடிகிறது.

கிணற்றுத் தண்ணீரும் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீரும் ஒரே வயலுக்குப் பாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் மடையைத் திறந்து, தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு கிணற்று மோட்டாரை நிறுத்தினால் பாத்தியில் ஓட்டம் நிற்காது. மோட்டாரை நிறுத்திவிட்டு மடையைத் தேடிப் போனால் நடுவில் காய்ந்துவிடும். போனுக்கும் இதே கணக்குத்தான். வைஃபை முழுவதும் போவதற்குள் 4ஜி கையில் கிடைத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் ஒரு இடம், குறைந்தது பத்து இருபது அடி, உங்கள் வீட்டைச் சுற்றி இருந்தே ஆக வேண்டும். அதை நான் இங்கே 'இரட்டை இடம்' என்று சொல்கிறேன். நான் பார்த்தவரை, செட்டிங்ஸில் எல்லாம் சரியாக இருந்தும் பேச்சு அறுபடும் வீடுகளில் பெரும்பாலும் இந்த இரட்டை இடம்தான் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வைஃபையிலிருந்து பேச்சு 4ஜிக்குத்தான் மாறும் (ஆதரவு இருந்தால் 5ஜிக்கும்). பழைய 2ஜிக்கு நடைமுறையில் மாறாது. வாசலில் உங்கள் போன் 2ஜியில் நின்றால், டவர் கோடு நிறைய காட்டினாலும் வைஃபைப் பேச்சு அங்கே அறுந்துதான் போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ரௌட்டரைத் திட்டிக்கொண்டே இரண்டு வாரம் ஓட்டினேன்.

படி 1: உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள்

வீட்டுக்குள்ளேயே டவர் சிக்னல் நன்றாக இருந்தால் வைஃபை காலிங்கை அணைத்துவிடுங்கள். மாற வேண்டிய அவசியமே இல்லாத பேச்சு அறுபடாது. திருப்பூர், ஈரோடு, கோவை டவுனுக்குள் இருக்கும் பல வீடுகளுக்கு இந்த ஒரு வரியே போதும்.

கோடுகளை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் போனால் சிக்னல் ஸ்ட்ரென்த் என்று மைனஸ் எண் ஒன்று இருக்கும். ஐஃபோனில் டயலரில் *3001#12345#* போட்டு அழைத்தால் ஒரு திரை வரும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்பதைத் தேடுங்கள், 4ஜி சிக்னலின் பலத்தைச் சொல்லும் எண் அது. மைனஸ் 100-க்கு மேலே, அதாவது மைனஸ் 95, 90 என்று இருந்தால் தாராளம். மைனஸ் 110-ஐத் தாண்டி இறங்கினால் தள்ளாட்டம். மைனஸ் 120 என்றால் இருந்தும் இல்லாத மாதிரி. எங்கள் ஆசாரத்தில் மைனஸ் 119, களத்து நடுவில் மைனஸ் 98. இந்த இரண்டு எண்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

படி 2: இரண்டு சுவிட்சையும் போடுங்கள்

வைஃபை காலிங்கை மட்டும் போட்டுவிட்டு வோல்ட்டியை மறந்துவிடுவது ரொம்ப சகஜம். பழைய போன்களில் அது அணைந்தே கிடக்கும். இரண்டும் வேண்டும்.

சாம்சங்கில்: செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், வைஃபை காலிங். அதே கனெக்‌ஷன்ஸுக்குள் மொபைல் நெட்வொர்க்ஸ் போய் வோல்ட்டி கால்ஸ்.

ரெட்மி, போக்கோ வகையில்: செட்டிங்ஸில் சிம் கார்ட்ஸ் பகுதி, உங்கள் சிம்மைத் தொட்டால் வோல்ட்டியும் வைஃபை வழியாகப் பேசும் சுவிட்சும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

விவோ, ஓப்போ, ரியல்மியில்: மொபைல் நெட்வொர்க் பகுதியில் சிம்மைத் தொடுங்கள். மாடலுக்கு மாடல் இடம் மாறும். செட்டிங்ஸ் மேலே தேடும் கட்டத்தில் வைஃபை காலிங் என்று அடித்துவிடுவதுதான் சுருக்கு வழி.

பிக்சலில்: நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், சிம்ஸ், உங்கள் சிம், வைஃபை காலிங்.

ஐஃபோனில்: செட்டிங்ஸில் மொபைல் டேட்டா அல்லது மொபைல் சர்வீஸ், வைஃபை காலிங். பக்கத்திலேயே வாய்ஸ் அண்ட் டேட்டாவில் 4ஜியும் வோல்ட்டியும்.

இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். எங்கள் அய்யன் போனில் முதல் சிம்முக்குப் போட்டு, எல்லாரும் கூப்பிடும் இரண்டாவது சிம்மை விட்டுவிட்டிருந்தேன். போட்டு முடித்ததும் போனை ஒரு முறை அணைத்து எடுங்கள்.

சுவிட்சே கண்ணில் படவில்லையா? போன் மாடல் அந்தச் சிம் கம்பெனிக்கு ஆதரவு தராமல் இருக்கலாம், அல்லது சிம் பழைய 3ஜி காலத்து அட்டையாக இருக்கலாம். சிம் பழசு என்றால் 4ஜி சிம்மாக மாற்றித் தரச் சொல்லுங்கள். நம் நாட்டில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும், வி (வோடஃபோன் ஐடியா) 2020 டிசம்பரிலும் இந்த வசதியைக் கொண்டுவந்தன. அதற்கு முன்னால் வந்த போன்களில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால்தான் சுவிட்ச் தென்படும்.

சில போன்களில் 'வைஃபைக்கு முன்னுரிமை', 'மொபைல் நெட்வொர்க்குக்கு முன்னுரிமை' என்று ஒரு தேர்வு கேட்கும். என் யோசனை இது. வீட்டுக்குள் டவர் அறவே இல்லையென்றால் வைஃபை. இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் என்கிற நிலை என்றால் மொபைல். அப்போது போன் டவரிலேயே ஓட்டிப் பார்த்து, முடியாதபோதுதான் வைஃபைக்கு வரும். மாறும் தடவைகள் குறையும், அறுபடுவதும் குறையும்.

படி 3: ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள்

மாறும்போது அறுபடுகிறது என்று சொல்லும் முன், இரண்டு பக்கமும் தனித்தனியாக வேலை செய்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

விமானப் பயன்முறையைப் போடுங்கள், அதாவது ஏரோப்ளேன் மோட். அதன் பிறகு வைஃபையை மட்டும் திரும்ப இயக்குங்கள். அரை நிமிடத்தில் மேலே வைஃபை அலையோடு ஒரு ரிசீவர் படமோ, கம்பெனி பெயர் பக்கத்தில் வைஃபை என்றோ வரும். யாரையாவது கூப்பிடுங்கள். பேச்சு போனால் வைஃபை பக்கம் சரி. போகவில்லையென்றால், போனில் விபிஎன் ஆப், விளம்பரம் தடுக்கும் ஆப் ஏதாவது ஓடுகிறதா பாருங்கள், அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ரௌட்டருக்குள் ஐபிசெக் பாஸ்த்ரூ அல்லது விபிஎன் பாஸ்த்ரூ என்று ஒரு அமைப்பு இருக்கும். அது இயக்கத்தில் இருக்க வேண்டும். போன் போடும் அந்தப் பூட்டிய குழாய் யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகள் வழியாகப் போகிறது. ஆபீஸ், லாட்ஜ், ஆஸ்பத்திரி வைஃபைகளில் இவற்றை அடைத்து வைத்திருந்தால் இன்டர்நெட் நன்றாக ஓடும், வைஃபை காலிங் மட்டும் வராது.

சோதனை முடிந்ததும் மறக்காமல் விமானப் பயன்முறையை எடுத்துவிடுங்கள். அது போட்டிருக்கும்போது டவர் ரேடியோவே அணைந்திருக்கும், வெளியே போனால் மாறுவதற்கு ஒன்றும் இருக்காது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று வீட்டில் எப்போதும் இப்படி வைத்திருக்கும் ஆள் ஒருவரை எனக்குத் தெரியும். வாசலில் அறுபடுகிறது என்று என்னிடம் வந்தபோது காரணம் அதுவாகவே இருந்தது.

அடுத்தது டவர் பக்கம். வைஃபையை அணைத்துவிட்டு வாசலில் நின்று கூப்பிடுங்கள். பேசும்போதே மேலே பாருங்கள். 4ஜி அல்லது வோல்ட்டி என்று நிலையாக நின்றால் சரி. கூப்பிட்டதும் அது இறங்கி ஈ, எச், 2ஜி என்று மாறினால் வோல்ட்டி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். படி 2-க்குத் திரும்புங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தும் இப்படியே இறங்கினால், அந்த இடத்தில் அந்தக் கம்பெனியின் 4ஜி போதவில்லை. வேறு கம்பெனி சிம்மை ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் நேரான வழி. மொபைல் டேட்டாவை அணைத்து வைத்திருப்பதால் பொதுவாக வோல்ட்டிப் பேச்சுக்குத் தடையில்லை. அதற்குத் தனிப் பாதை உண்டு.

5ஜி போனில் தொந்தரவு என்றால், விருப்ப நெட்வொர்க்கை ஒரு வாரம் 4ஜிக்கு மாற்றி வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அப்படியே விட்டுவிடலாம். பேச்சுக்கு 4ஜி தாராளம்.

படி 4: நடந்து பார்க்கும் சோதனை

இதுதான் முக்கியமான படி. இதைச் செய்யாமல் ரௌட்டரை இடம் மாற்றினால் குருட்டாம்போக்குத்தான்.

இரண்டு பேர் வேண்டும், ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். நோட்டில் வீட்டின் வரைபடத்தைக் கோணலாகவாவது போட்டுக்கொள்ளுங்கள்: ஆசாரம், படி, களம், தண்ணீர்த் தொட்டி, தறிக்கூடம், கேட். இன்னொருவர் நல்ல சிக்னல் உள்ள வேறு இடத்திலிருந்து உங்களைக் கூப்பிட்டு, ஒரே சீராக ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் ஆசாரத்து நடுவிலிருந்து கேட்டை நோக்கி மெதுவாக நடங்கள். நாலைந்து அடிக்கு ஒரு முறை நின்று, காதில் கேட்ட எண்ணையும் திரையில் எந்தப் படம் இருக்கிறது என்பதையும் குறியுங்கள்.

எனக்கு ஊரிலிருந்து அம்மா எண்ணினார். ஆசாரத்தில் தொடங்கி நிலைப்படி வரைக்கும் ஒன்று கூடத் தவறாமல் வந்தது. திண்ணைக்கு இறங்கியதும் இருபத்து மூன்று, இருபத்து நாலு என்று குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போல நெளிந்தது. வேப்பமரத்துத் தொட்டி பக்கம் போனதும் இருபத்தெட்டோடு நின்றது. திரையில் இன்னும் வைஃபை படம்தான் இருந்தது. பத்து விநாடி கழித்து அழைப்பு அறுந்தது. "கண்ணு, நாப்பது வரைக்கும் எண்ணுனேன், கேட்டுச்சா?" என்று அம்மா திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார். நோட்டைப் பார்த்தேன். வைஃபை திண்ணையோடு தேய்ந்து போகிறது. நல்ல 4ஜி தொட்டியைத் தாண்டித்தான் தொடங்குகிறது. நடுவில் பன்னிரண்டு அடி வறண்ட இடம். இரட்டை இடம் வேண்டிய இடத்தில் இரண்டுமே இல்லை.

இதை மூன்று முறை செய்யுங்கள், வெளியிலிருந்து உள்ளே வருவதையும் சேர்த்து. உள்ளே வரும்போது பெரும்பாலும் சிக்கல் குறைவு. வைஃபை கொஞ்சம் வலுவாகும் வரை போன் டவரிலேயே காத்திருக்கும். ஆனால் ஒன்று: வெளியே பேசும்போது பேச்சு 2ஜிக்கு இறங்கிவிட்டால், நடைமுறையில் அந்தப் பேச்சு முடியும் வரை வைஃபைக்கு ஏறாது. வீட்டுக்குள் வந்ததும் அறுந்துவிடும்.

வைஃபையின் பலத்தையும் எண்ணாகப் பார்க்க முடியும். வைஃபை அனலைசர் வகை ஆப்கள் காட்டும். மைனஸ் 65 வரை நல்லது, மைனஸ் 75 சுமார், மைனஸ் 80-ஐத் தாண்டினால் பேச்சு நெளியத் தொடங்கும். எந்த எண்ணில் போன் மாற முடிவு செய்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறுபடும். ஒரே இடத்தில் என் போன் மாறி, அய்யன் போன் மாறாமல் இருந்தது. அதனால் வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் ஒரு முறையாவது நடந்துவிடுங்கள்.

படி 5: ரௌட்டரை வாசலை நோக்கி நகர்த்துங்கள்

நம் வீடுகளில் ரௌட்டர் எங்கே இருக்கும்? டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், அல்லது ஸ்டீல் பீரோவுக்கு மேலே. ஃபைபர் போட வந்தவருக்கு அதுதான் சுலபம். வீட்டுக்குள் எல்லா மூலைக்கும் வைஃபை வர வேண்டும் என்று நாமும் நடுவில் வைக்கச் சொல்வோம். இங்கே கணக்கு வேறு. நீங்கள் எந்த வழியாக வெளியே போகிறீர்களோ, அந்தப் பக்கம் டவர் தொடங்கும் இடம் வரைக்கும் வைஃபை தாராளமாக எட்ட வேண்டும்.

நான் செய்தது ஒன்றுதான். ரௌட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, களத்தைப் பார்த்த ஜன்னல் மேல் ஆறடி உயரத்தில் மாட்டினேன். ஃபைபர் வயரை நீட்ட ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்தக் கண்ணாடி நாரை நாமே மடக்கினால் உடைந்துவிடும். வைஃபை தொட்டியைத் தாண்டி இருபது அடி போயிற்று. மறு நாள் அம்மா நூற்றிருபது வரைக்கும் எண்ணினார், நான் கேட்டுக்குப் போய்விட்டு வந்தேன். தொட்டி பக்கம் அரை நொடி ஒரு சின்ன விக்கல், அவ்வளவுதான்.

கல் சுவரை விட இரும்பு மோசம். தகர ஷீட், ஷட்டர், கோழிப்பண்ணையின் கம்பி வலை, தண்ணீர் நிறைந்த தொட்டி இவை வழியாக வைஃபை போகாது, போனாலும் நோஞ்சானாகத்தான் போகும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு உள்ளவர்களுக்கு மழை நாளில் நனைந்த ஓலையும் சேர்ந்துகொள்ளும்.

வாசலுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான் நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒரு சுவரிலேயே களைத்துவிடும். 2.4-இல் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். தோட்டத்தில் அக்கம்பக்கத்து ரௌட்டர் தொந்தரவு இல்லை, ஊருக்குள் இருந்தால் இது பெரிய வித்தியாசம் செய்யும்.

ஒரு ரௌட்டர் போதாத இடத்தில் இரண்டாவது வைப்பார்கள். இங்கே ஒரு பொறி உண்டு. இரண்டாவது ரௌட்டர் தனியாக ஐபி முகவரி கொடுத்தால், வீட்டிலிருந்து தறிக்கூடத்துக்கு நடக்கும்போது போனின் முகவரி மாறி, அந்தப் பூட்டிய குழாய் அறுந்து போகலாம். வைஃபையிலிருந்து வைஃபைக்குப் போகும்போதே பேச்சு துண்டிக்கும்! அதனால் இரண்டாவதை ஆக்சஸ் பாயின்ட் மோடில் வையுங்கள், அதாவது தானாக முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் மோட். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. முடிந்தால் நடுவில் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கேபிள் முடியாதவர்கள் மெஷ் வகை வாங்கலாம், பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் வகை அது. ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) மட்டும்தான் வாங்குவேன் என்றால், அதைச் சிக்னல் செத்த இடத்தில் வைக்காதீர்கள். இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வையுங்கள். இல்லாததை எடுத்து நீட்ட முடியாது.

தறிக்கூடம் வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் பக்கம் இது தனிக் கதை. தறி ஓடும் சத்தத்தில் உள்ளே பேசவே முடியாது. பாவு ஏற்றிய வண்டி எங்கே வருகிறது என்று டிரைவர் கூப்பிட்டால், எடுத்ததும் "இருங்க, இருங்க, வெளிய வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடுவோம். அதாவது ஒவ்வொரு பேச்சும் தொடங்கிய பத்து விநாடியில் மாற வேண்டியிருக்கிறது. மேலே தகர ஷீட், உள்ளே வைஃபை, வெளியே டவர். போன் பேச்சை இப்போதுதான் வைஃபையில் அமைத்திருக்கும், உடனே ஓட்டம்.

மூன்று வழிகளைச் செய்து பார்த்தேன். கூடத்துக்குள்ளேயே டவர் ஓரளவு கிடைத்தால், அங்கே வேலை செய்பவர்கள் போனில் மொபைலுக்கு முன்னுரிமை கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஆக்சஸ் பாயின்ட்டைக் கூடத்து நடுவில் மாட்டாமல் கதவுக்கு மேலே, வெளித் தாழ்வாரத்தைப் பார்த்து மாட்டுங்கள். இதெல்லாம் முடியாதென்றால் ஆபீஸ் அறைக்கு நல்ல கதவு போட்டு அங்கேயே நின்று பேசுவதுதான். எங்கள் கூடத்தில் இரண்டாவது வழி நிரந்தரமாக நின்றுவிட்டது.

படி 6: கரண்ட் போகும் நேரம்

வைஃபை மெல்லத் தேய்ந்தால் போனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். பட்டென்று அணைந்தால் கிடைக்காது. கரண்ட் போனால் நடப்பது இதுதான். ரௌட்டர் ஒரு நொடியில் செத்துவிடும், பேச்சும் கூடவே போகும். கரண்ட் திரும்ப வந்தாலும் ரௌட்டர் எழுந்து நிற்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க வீட்டுக்குள் போனே இல்லை என்ற நிலை.

ரௌட்டருக்கு மினி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். ரௌட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர். அதே எண் உள்ள யுபிஎஸ் வேண்டும். ஃபைபர் பெட்டி தனி, வைஃபை ரௌட்டர் தனி என்று இரண்டு பெட்டி இருந்தால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் பயனில்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும் நொடியில் ரௌட்டர் அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் உண்டு. அதைப் போட்டால் மாறும் நேரம் குறைந்து ரௌட்டர் அணையாமல் நிற்கும்.

வைஃபை இருக்கும், இன்டர்நெட் இருக்காது

எல்லாவற்றிலும் எரிச்சலானது இதுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது மட்டை விழுந்து ஃபைபர் வயர் அறும். ரௌட்டர் எரிந்துகொண்டுதான் இருக்கும், போனில் வைஃபை முழுக் கோடு காட்டும். போன் அதை நம்பி உட்கார்ந்திருக்கும். உங்களைக் கூப்பிடுபவருக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று கேட்கலாம். பேசிக்கொண்டிருந்தால் குரல் நின்று, மௌனமாகவே கொஞ்ச நேரம் ஓடி, பிறகு அறுபடும்.

அந்த மௌனம் வந்ததும் காத்திருக்காதீர்கள். மேலிருந்து திரையை இழுத்து வைஃபையைக் கையால் அணைத்துவிட்டு, டவர் கிடைக்கும் இடத்துக்கு நகருங்கள். அழைப்பு இன்னும் உயிரோடு இருந்தால் சில நொடியில் 4ஜியில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இந்த ஒன்றை மட்டும் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுங்கள். அய்யனுக்கு நான் ரௌட்டரில் எந்த விளக்கு சிவப்பாக எரிந்தால் லைன் போச்சு என்று காட்டி வைத்திருக்கிறேன்.

பேச்சு நெளிவதற்கு இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். யாராவது பெரிய வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தால் குரல் வரிசையில் நிற்கும். பேச்சுக்கு நிமிடத்துக்கு 1 எம்பி கூடத் தேவைப்படாது, ஆனால் அது காத்திருக்கக் கூடாது. ரௌட்டரில் கியூஓஎஸ், டபிள்யூஎம்எம் என்று இருப்பவற்றை இயக்கிவிட்டால் குரலுக்கு முன்வரிசை கிடைக்கும்.

வாட்ஸ்அப் அழைப்பு வேறு

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு நாம் பேசுவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். அதில் மேலே சொன்ன கைமாற்றம் எதுவும் கிடையாது. வைஃபை போனதும் ஆப் மொபைல் டேட்டாவில் புதிதாகத் தொடர்பு பிடிக்கும், சில நொடி 'ரீகனெக்டிங்' என்று நிற்கும். அதற்கு மொபைல் டேட்டா இயக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஐஃபோனில் மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் வைஃபை அசிஸ்ட், சாம்சங்கில் இன்டெலிஜென்ட் வைஃபைக்குள் மொபைல் டேட்டாவுக்கு மாறும் சுவிட்ச், இவற்றைப் போட்டால் அந்த இடைவெளி குறையும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். முக்கியமான பேச்சு என்றால் நம்பரில் கூப்பிடுவதே மேல்.

பழக்கத்தில் வைக்க வேண்டியவை

வெளியே கிளம்பும்போது பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், இரட்டை இடத்தில் நின்று பாருங்கள். மேலே வைஃபை படம் போய் 4ஜி வந்த பிறகு நடங்கள். எங்கள் வீட்டில் அந்த இடம் தொட்டியடி. வண்டியில் ஏறி முறுக்கினால் வைஃபை நாலு நொடியில் போய்விடும், போனுக்கு மாற நேரம் போதாது. வண்டியில் போகும்போது பேசவே கூடாது என்பது வேறு விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

108-க்கோ 112-க்கோ கூப்பிடுவதாக இருந்தால் டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்து கூப்பிடுங்கள். வைஃபை வழியாகப் போகும் அழைப்பில் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். எப்படிக் கூப்பிட்டாலும் ஊர், எந்த ரோடு, பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது மில் என்று முதல் மூச்சிலேயே வாயால் சொல்லிவிடுங்கள்.

போன் சாஃப்ட்வேர் அப்டேட் ஆன மறு நாளும், சிம் மாற்றிய அன்றும், படி 2-இல் உள்ள இரண்டு சுவிட்சையும் திறந்து பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் அணைந்திருக்கும். அப்புறம் ஒரு முறை ஆசாரத்திலிருந்து கேட் வரைக்கும் நடந்துவிடுங்கள். எண்ணுவதற்கு வீட்டில் ஒரு ஆள் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலையை ஆத்தா செய்கிறார். கட்டிலில் உட்கார்ந்தபடியே, நூறு வரைக்கும்.